வளைந்து வந்து சேரும் குரல்

எங்கள் சபையில் ‘ஆமென்’ இரண்டு தடவை கேட்கும். போதகர் ஜெபத்தை முடித்ததும் எல்லோரும் சேர்ந்து சொல்வது முதலாவது. அது அடங்கி, பெஞ்சுகள் கிறீச்சிட்டு, ஜனங்கள் உட்காரத் தொடங்கும்போது பெண்கள் பக்கத்திலிருந்து இன்னொன்று வரும். அவசரமே இல்லாமல் கீழேயிருந்து மெல்ல ஏறி, மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கும் ஆமென். அது முடியும்வரை போதகர் வேதப் புத்தகத்தைத் திறக்க மாட்டார். புதிதாக வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பழையவர்கள் “டைப்பக்கா” என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

டைப்பக்கா எங்கள் வீட்டுப் பின் போர்ஷனில் குடியிருந்தவர். மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் இருந்த ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கும் வேலை. நாங்கள் இருந்தது கிழக்குத் தாம்பரம். தினமும் காலையில் குடையும் டிபன் கேரியருமாக ரயில்வே கேட்டைத் தாண்டிப் போவார். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று என் அம்மா ஒருமுறை கேட்டபோது, “கேட்டு வந்தவங்களை அப்பாவுக்குப் பிடிக்கல. அப்பாவுக்குப் பிடிச்சவங்க கேட்டு வரல” என்று சொல்லிச் சிரித்தாராம். திருநெல்வேலிக்குத் தெற்கே ஏதோ ஒரு பனங்காட்டு ஊர். அப்பா அங்கே வேதக்கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியாராக இருந்து இறந்துபோனவர்.

நான் அப்போது டீச்சர் ட்ரெயினிங் முடித்துவிட்டு ஒரு ஆரம்பப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அக்காவுக்கும் எனக்கும் வயது வித்தியாசம் அதிகம். ஆனாலும் சாயங்காலங்களில் கிணற்றடித் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து நாங்கள் பேசாத பேச்சில்லை.

இன்ஸ்டிட்யூட்டில் அக்கா கறார். பத்து விரலும் ஒரே கனத்தில் விழ வேண்டும். சுண்டு விரல் அடித்த எழுத்து மங்கலாகவும் ஆள்காட்டி விரல் அடித்தது அழுத்தமாகவும் இருந்தால் பேப்பரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டுவார். “பாருங்க, இந்த ‘ஏ’ பட்டினி கிடக்கு. அந்த ‘எஃப்’ ஓட்டைவிழத் தின்னிருக்கு.” பையன்கள் அவருக்குப் பயந்தார்கள். கோயிலில் பாடும்போதோ அவரிடம் ஒரு எழுத்துக்கூட இன்னொன்றின் அளவில் இருக்காது.

அவர் பாடுவதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியவில்லை. எங்கள் கோயிலில் வெள்ளைக்காரர்கள் ராகத்தில் அமைந்த ஞானப்பாட்டுகளும் உண்டு, நம்மூர் ராகங்களில் அமைந்த கீர்த்தனைகளும் உண்டு. எதைப் பாடினாலும் அக்கா எல்லோரும் பாடும் அதே பாட்டைத்தான் பாடுவார். ஆனால் எல்லோரும் நேராகப் படியேறி ஒரு சுரத்தில் போய் நிற்கும்போது, அக்கா அந்தச் சுரத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ நின்று, அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாக அதன்மேல் வந்து உட்காருவார். அதற்குள் மற்றவர்கள் அடுத்த அடிக்குப் போயிருப்பார்கள். அக்கா அவர்களை வேறு வழியாகப் போய்ப் பிடிப்பார். ஒரு பாட்டு முடிவதற்குள் அது இரண்டு பாட்டாகப் பிரிவதும் ஒன்றாகச் சேர்வதுமாக இருக்கும். கீர்த்தனை பாடும்போது ஆண்கள் பக்கத்தில் இருந்த பாளையங்கோட்டைக்காரத் தாத்தா ஒருவர் தாம் பாடுவதை நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

எங்கள் எதிர்வீட்டு மாமா ரயில்வே அக்கவுண்ட்ஸில் வேலை பார்த்தவர். மார்கழி மாதம் விடிகாலையில் ஜால்ராவும் கையுமாக ஒரு பஜனைக் கோஷ்டியை எங்கள் தெரு வழியாக நடத்திக்கொண்டு போவார். அக்கா அந்த நேரத்தில் வாசல் பெருக்கிக்கொண்டிருப்பார். கோஷ்டி எங்கள் வீட்டைத் தாண்டும்போது துடைப்பத்தைப் பிடித்தபடியே அவர்கள் பாட்டோடு முனகத் தொடங்கிவிடுவார். என்ன வார்த்தை என்று அவருக்குத் தெரியாது, வெறும் ‘ம்’தான். ஒருநாள் மாமா கேட்டருகே நின்றுவிட்டார். அக்கா பயந்துபோய், “மன்னிச்சுக்கிடுங்க சார், என்னையறியாம வந்துட்டு” என்றார்.

“மன்னிக்கறதாவது! கச்சேரியில பாடறவர் பின்னாடி பிடில் வரும் பாருங்கோ, அவர் போட்ட சங்கதியையே கொஞ்சம் வேற மாதிரி திருப்பிண்டு. அந்த மாதிரின்னா இருக்கு நீங்க முனகறது. ரெண்டு நாயனம் சேர்ந்து ஊதறச்சேகூட இப்படித்தான். ஒண்ணு நேரா போகும், ஒண்ணு அதைச் சுத்திண்டு போகும். எங்க கத்துண்டேள்?”

“எங்கயும் இல்ல சார். ஊர்ல எல்லாரும் இப்படித்தான்.”

மாமா அதற்குப் பிறகு எங்கள் வாசலுக்கு வரும்போது கோஷ்டியைக் கொஞ்சம் மெதுவாக நடத்துவார் என்று நினைக்கிறேன்.

‘ஊரில் எல்லாரும் இப்படித்தான்’ என்பதை அக்கா எனக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறார். அவர்கள் கோயிலில் ஆர்மோனியம்கூடக் கிடையாது. பாட்டுப் புத்தகம் உபதேசியாரிடம் மட்டும்தான். அவர் ஒரு அடியைப் பாடுவார். ஜனங்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். “வாங்குறவங்க ஒவ்வொருத்தரும் அவங்கவங்க கையில வாங்குவாங்கட்டி. பனையேறுறவரு ஒரு மாதிரி இழுப்பாரு. அவர் வீட்டம்மா ஒரு மாதிரி உலுக்குவா. எங்க சித்தி எல்லாருக்கும் பிந்தி வருவா, ஆனா வந்தா கோயிலே நிறைஞ்சு போவும். யாரும் யாரையும் பாத்துப் பாட மாட்டாங்க. கடைசியில எல்லாரும் ஒரே இடத்துலதான் வந்து நிப்பாங்க. அப்பா அதுவரைக்கும் காத்துக்கிட்டு நிப்பாரு.”

இன்னொரு நாள் ரயிலில் நடந்தது. ஸ்டென்சில் பேப்பரும் ரிப்பனும் வாங்க அக்கா பாரிமுனைக்குப் போவார். பள்ளி விடுமுறையாக இருந்தால் நானும் கூடப் போவேன். அன்று திரும்பி வரும்போது பெண்கள் பெட்டியில் கூட்டமில்லை. பீர்க்கன்கரணையைச் சேர்ந்த ஒரு பூக்காரம்மா காலிக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மடியில் கிடந்த கைக்குழந்தையைத் தூங்கப் பண்ணிக்கொண்டிருந்தாள். குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அவள் பாடியது தாலாட்டுதான், ஆனால் களைப்பில் பாதிப் பாதியாக வந்தது. கிண்டி தாண்டியதும் அக்கா எதிர் சீட்டிலிருந்து சேர்ந்துகொண்டார். அவள் குரல் இறங்கும் இடத்தில் இவர் ஒரு சுழி சுழித்துவிட்டு இறங்கினார். அவள் மூச்சு வாங்க நிறுத்திய இடங்களில் இவர் குரல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள், நிறுத்தவில்லை. பல்லாவரம் வருவதற்குள் குழந்தை தூங்கிவிட்டது.

“இன்னாம்மா, எங்கம்மா பாட்டு உனுக்கு எப்டி தெரியும்?” என்றாள் பூக்காரம்மா.

“தெரியாதும்மா. நீ பாடுறதுக்குப் பின்னாலயே வந்தேன். அவ்வளவுதான்.”

“பின்னால வர்றவ மாரி இல்லியே. நீ பாட்டுக்கு ஒரு பக்கமா வளைஞ்சு போற. தொலைஞ்சுட்டேன்னு நெனைச்சா என் கையாண்ட வந்து நின்னுகினு கீற!”

அக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார். தம் பாட்டைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால் அது பாராட்டா குறையா என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியாது. சந்தேகம் வந்தால் குறை என்றே எடுத்துக்கொள்வார்.

அறுபதுகளின் கடைசியில் எங்கள் சபைக்கு ஒரு கொயர் மாஸ்டர் கிடைத்தார். கல்லூரியில் பௌதிக விரிவுரையாளர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நல்ல மனிதர். ஆர்கன் வாசிப்பார், நாலு குரலிலும் பாடிக் காட்டுவார், ஒத்திகைக்கு வரும் எல்லோருக்கும் தம் செலவில் டீ வாங்கிக் கொடுப்பார். அதுவரை எங்கள் கொயர் என்பது நன்றாகப் பாடுகிறவர்கள் முன் பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாகப் பாடுவது. மாஸ்டர்தான் எங்களை நாலாகப் பிரித்தார். பெண்களில் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்ட்டோ. ஆண்களில் டெனர், பேஸ். நாலு பேரும் நாலு மெட்டுப் பாட, அவை ஒன்றுக்குமேல் ஒன்றாகப் பொருந்தி நிற்கும். முதன்முதலில் அது சரியாக விழுந்த சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் வாயிலிருந்துதான் அந்தச் சத்தம் வந்தது என்பதை எங்களாலேயே நம்ப முடியவில்லை. டெனரில் இருந்த தபால்காரர் அழுதுவிட்டார்.

அக்காவையும் என்னையும் ஆல்ட்டோவில் போட்டார். அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

நாலு குரல் பொருந்த வேண்டுமானால் ஒவ்வொரு சுரமும் அதன் நேரத்துக்கு, அதன் இடத்தில் வந்து விழ வேண்டும். அக்கா சுற்றிக்கொண்டு வந்து சேரும்போது மற்ற மூன்று குரலும் வேறு இடத்துக்குப் போயிருக்கும். சேர்ந்த சத்தம் கலங்கிவிடும். மாஸ்டர் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். ஆர்கனில் ஒவ்வொரு கட்டையாக அழுத்திக் காட்டினார். கரும்பலகையில் சாக்பீஸால் படிக்கட்டு போல வரைந்தார்.

“அக்கா, இந்தப் படியிலேயிருந்து இந்தப் படிக்கு. நடுவுல எங்கேயும் நிக்க வேண்டாம்.”

“நான் நேராத்தானே சார் வாரேன்?” என்றார் அக்கா. அவர் மாஸ்டரைவிட மூத்தவர். ஆனாலும் ‘சார்’தான்.

“நேரா வரலக்கா. வளையுது.”

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவருக்கு அது உண்மையிலேயே கேட்கவில்லை. மூச்சு விடுவது நமக்குக் கேட்கிறதா? மறுபடி பாடினார், மறுபடி வளைந்தது. யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் சிரித்தவரைக் கடிந்துகொண்டார்.

கிறிஸ்மஸ் கேரல் ஆராதனைக்கு முந்தின வாரம், ஒத்திகை முடிந்து எல்லோரும் கிளம்பும்போது மாஸ்டர் அக்காவை நிறுத்தினார். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் பாட்டுத் தாள்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஆராதனைக்கு மட்டும்... நீங்க கட்டாயம் கொயரோட நிக்கணும். வாயை மட்டும் அசைச்சாப் போதும்.”

“சத்தம் வேண்டாமா சார்?”

“இந்த ஒரு தடவை வேண்டாம்க்கா.”

“சரி சார்” என்றார் அக்கா. ஏன் என்று கேட்கவில்லை.

அன்று அவர் புதுச் சேலை கட்டி வந்தார். என் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வார்த்தைக்கும் வாயைத் திறந்து மூடினார். ஆராதனை அருமையாக அமைந்தது. சபையில் யாரும் அதுவரை அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. வெளியே வந்ததும் ஒரு அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “கொயர் பிரமாதம்! ஒரு பிசிறு இல்ல” என்றார். அக்காவும், “ஆமா, ரொம்ப நல்லா இருந்துச்சு” என்றார், மனசார.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேம்ப் ரோடு திருப்பத்தில் அவர் நின்றார். அப்புறம் சொன்னார்: “பாருட்டி, இத்தனை வருஷமா எல்லார் பாட்டையும் நான் கெடுத்துக்கிட்டு இருந்திருக்கேன். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல. எவ்வளவு நல்ல ஜனங்க.”

நான் அப்படியெல்லாம் இல்லை என்று என்னென்னவோ சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை.

மாஸ்டர் ‘இந்த ஒரு தடவை’ என்றுதான் சொன்னார். அக்கா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு கோயிலில் அவர் பாடவே இல்லை. கீர்த்தனைக்கும் வாய் அசையும், சத்தம் வராது. கொயருக்கு நிற்பதையும் விட்டுவிட்டார். ஜெபத்தின் முடிவில் ஆமெனை எல்லோரோடும் சேர்ந்து சொல்லி, அவர்கள் நிறுத்தும்போது நிறுத்திக்கொண்டார். பாளையங்கோட்டைத் தாத்தா ஒன்றிரண்டு ஞாயிறு திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு தாமும் பாடத் தொடங்கினார். அந்த மார்கழியில் எங்கள் வாசலைத் தாண்டும்போது எதிர்வீட்டு மாமா என்னிடம், “அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். உள்ளே அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.

ஆனால் கொயருக்கு வேலை செய்வதை அக்கா நிறுத்தவில்லை. இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது. மாஸ்டர் எங்களுக்காகப் பாட்டுகளை டோ, ரே, மீ என்ற எழுத்து முறையில் எழுதிக் கொடுப்பார். நாலு குரலுக்கும் தனித்தனியாக அதை ஸ்டென்சிலில் அடித்து, பிரதி எடுத்துத் தர ஆள் வேண்டியிருந்தது. அக்கா தாமாகக் கேட்டு அந்த வேலையை வாங்கிக்கொண்டார். காலையில் இன்ஸ்டிட்யூட் திறக்கும் நேரத்துக்கு முன்பே போய்விடுவார். எங்கள் கைக்கு வந்த தாள்களில் ஒரு பிழை இருக்காது. எழுத்துக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி, நடுவில் வரும் புள்ளிகள், கோடுகள், எல்லாம் அச்சடித்த மாதிரி இருக்கும். எங்களைப் பாட வைத்த ஒவ்வொரு தாளும், பாட வேண்டாம் என்று சொல்லப்பட்டவர் அடித்துக் கொடுத்தது.

இப்படிச் சில வருஷங்கள் போயின. எனக்குக் கல்யாணமாகி, அதே தெருவில் நாலு வீடு தள்ளிக் குடித்தனம் வைத்தேன். கொயரில் தொடர்ந்து இருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் மாஸ்டர் வேலை பார்த்த கல்லூரிக்கு ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் சில மாதங்களுக்கு வந்து தங்கினார். ஸ்காட்லாந்துக்கு வடமேற்கே கடலுக்குள் இருக்கும் ஏதோ ஒரு சின்னத் தீவு அவருக்குச் சொந்த ஊர். எங்கள் கொயரைக் கேட்டுவிட்டு, மாஸ்டரையும் எங்களில் சிலரையும் தேநீருக்கு அழைத்தார். கேக் சாப்பிட்டு முடித்த பிறகு, “எங்கள் ஊர்க் கோயிலில் எப்படிப் பாடுவார்கள் என்று கேட்கிறீர்களா? என் அம்மாவும் அதில் பாடுகிறார்” என்று சொல்லி, பெரிய ஸ்பூல் டேப் ரிக்கார்டர் ஒன்றை மேஜைமேல் வைத்துத் திருப்பினார்.

முதலில் ஒரு ஆண் குரல் தனியாக ஒரு அடி பாடியது. அப்புறம் ஜனங்கள் சேர்ந்தார்கள். ஆர்கன் இல்லை. நாலு குரலும் இல்லை. எல்லோரும் ஒரே மெட்டைத்தான் பாடினார்கள். ஆனால் ஒருவர் முந்திப் போனார், ஒருவர் பிந்தி வந்தார். ஒரு கிழவி ஒரு சுரத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்க, அவளைச் சுற்றிக்கொண்டு இன்னொருத்தி போனாள். கரையில் அலை வந்து விழுவதுபோல, எந்த இரண்டும் ஒரே சமயத்தில் விழவில்லை, ஆனால் கடல் ஒன்றாக இருந்தது. பாஷை புரியவில்லை. மாஸ்டரைப் பார்த்தேன். அவர் கப்பைப் பாதி வழியில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டைப்பக்கா” என்றார்.

பேராசிரியர், வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் இது சண்டை மாதிரிக் கேட்கும் என்றும், உலகத்தில் பல இடங்களில் மனிதர்கள் இப்படிச் சேர்ந்து பாடுவதுண்டு என்றும், எகிப்து, சீனா என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மாஸ்டர் கேட்டதாகத் தெரியவில்லை. டேப் ரிக்கார்டரை ஒரு நாள் இரவல் தர முடியுமா என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் ரிக்கார்டரை ரிக்‌ஷாவில் வைத்துக்கொண்டு வந்தார். நானும் கூடப் போனேன். அக்கா எங்களைக் கண்டதும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தார், காபி கலந்தார்.

“அக்கா, உங்ககிட்ட ஒரு உதவி. உங்கப்பா பாடின கீர்த்தனை ஒண்ணு முன்னாடி பாடுவீங்களே, அதைப் பாடணும். நான் இதுல பதிவு பண்ணிக்கிறேன்.”

“நானா சார்?”

“நீங்கதான்க்கா.”

அக்கா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். உட்கார்ந்து பாடலாம் என்று மாஸ்டர் சொல்லியும் கேட்காமல், கொயரில் நிற்பதுபோல இரண்டு கையையும் பக்கத்தில் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்றார். ஸ்பூல் சுற்றத் தொடங்கியது.

பாடினார். ஒவ்வொரு சுரமும் அதன் இடத்தில் வந்து விழுந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இடையில் எதுவும் இல்லை. எந்தச் சுரமும் முந்தவில்லை, பிந்தவில்லை, பக்கத்துச் சுரத்தைவிடக் கூடவோ குறையவோ ஒலிக்கவில்லை. குரல் அதே குரல்தான். அது வளைந்து வரும் வழி மட்டும் துடைத்தெடுத்தாற்போல மறைந்திருந்தது.

கூச்சத்தில் அப்படிப் பாடுகிறார் என்று மாஸ்டர் நினைத்தார். “இப்படி இல்லக்கா. முன்னாடி பாடுவீங்களே, வளைச்சு வளைச்சு. அந்த மாதிரி.”

அக்காவின் முகம் மாறிவிட்டது. “வளைக்காமத்தானே சார் பாடினேன்? எங்கயும் வளைஞ்சுட்டா?”

“இல்லக்கா. எங்கேயும் வளையல.”

அக்கா பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். “பயந்தே போனேன். உங்க தாளைத்தானே சார் இத்தனை நாளா அடிச்சுக் குடுத்தேன். அடிக்கும்போதே பாடிப் பாப்பேன். ஒரு எழுத்துக்கு ஒரு தட்டு. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல வாயை மூடிக்கிடுவேன். முதல்ல வரவே இல்ல. ரெண்டு மூணு வருஷம் ஆச்சு. அப்புறம்தான் நீங்க சொன்ன வளைசல் எனக்கே கேட்டுது. கேட்ட பிறகு விட்டுட்டேன்.”

மாஸ்டர் பேராசிரியரின் டேப்பை மாட்டிப் போட்டார். தீவுக்காரர்களின் பாட்டு அந்தச் சின்ன போர்ஷனில் நிறைந்தது. அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கவனமாகக் கேட்டார். ஒரு இடத்தில் அவர் உதடு லேசாகப் பிரிந்தது. சேர்ந்துகொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். மாஸ்டரும் நினைத்திருப்பார், முன்னால் சாய்ந்தார். ஆனால் அக்கா தலையை மெல்ல ஆட்டினார்.

“பாவம் சார். நல்ல குரலுங்க. எடுத்துச் சொல்லிக்குடுக்க அவங்களுக்கு ஆள் கிடைக்கல போல.”

மாஸ்டர் ரிக்கார்டரை நிறுத்தினார். அவர் பேசியது மிகத் தாழ்ந்த குரலில்: “அக்கா, அவங்க தப்பாப் பாடல. அது ஒரு முறை. நீங்களும் தப்பாப் பாடல. எனக்குத்தான் தெரியல. தயவுசெஞ்சு, ஒரு தடவை அப்படிப் பாடுங்க.”

அவர் கெஞ்சியதால் அக்கா முயன்று பார்த்தார். முதல் அடியில் ஒரு வளைவை வைத்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பெரியவர்களைப் போல நடித்துக் காட்டுவார்களே, அப்படி இருந்தது. இரண்டாவது அடியில் எங்கே வளைப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “வரமாட்டேங்கு சார். எப்படித்தான் அப்படிப் பாடினேனோ!” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. சிரித்ததில் வந்த தண்ணீர்தான் அது. வேறு துக்கம் எதுவும் அந்த முகத்தில் இல்லை.

நாங்கள் எழுந்தபோது அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “அப்ப, இந்த கிறிஸ்மஸுக்கு நான் கொயர்ல நிக்கலாமா சார்? சத்தமாவே?”

“நில்லுங்கக்கா” என்றார் மாஸ்டர்.

வாசலில் ரிக்‌ஷாவில் ஏறப்போனவர் ஏறாமல் நின்றார். “நான் சொன்னதை முழுசாக் கேட்டு நடந்த ஒரே ஆள் இவங்கதான்” என்றார் என்னிடம். அவரைப் போய்வரச் சொன்னேன்.

அந்த வருஷம் அக்கா ஒரு ஒத்திகைக்கும் தவறாமல் வந்தார். கிறிஸ்மஸ் ஆராதனையில் ஆல்ட்டோ வரிசையில் எனக்கு இடதுபக்கம் நின்றார். முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை. பாட்டு தொடங்கியதும் அவர் வாய் திறப்பதைப் பார்த்தேன், மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். முழுக் குரலில்தான் பாடுகிறார் என்று தெரிந்தது. அவர் குரலைத் தேடி, நான் பாடுவதைச் சற்று நிறுத்திக் காதைக் கொடுத்தேன். தோளோடு தோள் ஒட்டி நின்றும், அத்தனை குரலுக்குள் அக்காவுடையது எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.